பூர்வீக நிலத் தகராறுக்கு நீதிமன்றச் சமரச மையம்: சேவை எப்படி?

பங்காளிகளுக்குள் வரும் நிலத் தகராறைத் தீர்க்க நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை நம்பிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, பங்கு யாருக்கு எவ்வளவு என்ற சண்டையென்றால் தாராளமாகப் போகலாம், வரப்புச் சண்டையென்றால் சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகு போங்கள் என்பதே என் பதில். 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் நடைபெறுகிறது. கட்சிக்காரர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.

தாத்தா வழியில் வந்த எங்கள் நஞ்சை இன்னும் கூட்டுப் பட்டாவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு உழவிலும் வரப்பை ஒரு சால் அளவுக்குக் கரைத்து என் பக்கம் வருகிறார் என்று அண்ணன் மீது நான் உறுத்துக்கட்டளை, அதாவது நீதிமன்றத் தடையாணை, கேட்டிருந்தேன். அப்பா காலத்திலேயே வாய்மொழியாகப் பாகம் பிரிந்துவிட்டது, கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் பங்கில்லை என்பது அவருடைய எதிருரை. அக்காவும் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்ட பிறகே நீதிபதி எங்களை மையத்துக்கு அனுப்பினார்.

சமரசர் முதலில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார், பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். தனியாகச் சொன்னதை நம் அனுமதியின்றி மற்றவரிடம் சொல்வதில்லை என்ற உறுதிதான் இந்தச் சேவையின் பெரிய பலம். கிணற்று மோட்டாரைத் தன் கைக்காசில் பழுதுபார்த்து வந்த அண்ணனின் மனத்தாங்கல் அங்கேதான் வெளியே வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தையும், மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்றும், வாய்மொழிப் பாகத்தைப் பொது ஆவணங்களின் துணையில்லாமல் எளிதில் ஏற்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னதையும் அண்ணனின் வழக்கறிஞரே எடுத்துச் சொன்ன பிறகு அக்காவின் பங்கைப் பற்றி அண்ணன் வாதாடவில்லை.

குறைகளும் உண்டு. வழக்கறிஞர் ஒருவருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலையிருந்தால் அன்றைய அமர்வு தள்ளிப்போகும். தனி அறை என்று சொல்லப்படுவது பலகைத் தடுப்புதான். உரக்கப் பேசினால் வெளியே பெஞ்சில் இருப்பவருக்குக் கேட்கும். நிலத்தை அளக்கும் அதிகாரம் சமரசருக்கு இல்லாததால், தாலுகா சர்வேயர் புலப்படத்தோடு வந்து அளக்கும்வரை வரப்புப் பேச்சு நகரவே இல்லை. அளந்தபோது அண்ணன் உள்ளே வந்திருந்தது உண்மை என்றும், பழைய வரப்பே சர்வே கோட்டில் இல்லை என்றும் தெரிந்தது. நின்ற நெல்லை அவர் அறுத்துக்கொண்ட பிறகு கல்லை ஒட்டிப் புது வரப்புப் போடுவது என்று முடிந்தது.

ஒப்பந்தத்தை எழுதும்போது அவசரப்படக் கூடாது. முதல் வரைவில் ‘கிணறு பொது’ என்று மட்டும் இருந்தது. தண்ணீர் முறை, மோட்டார்ச் செலவு, வண்டிப்பாதையின் அகலம், ஒவ்வொரு பாகத்துக்கும் புல எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றை நாங்கள் கேட்டுத்தான் சேர்க்க வைத்தோம். அதன்படி நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கியது. கட்டிய நீதிமன்றக் கட்டணத்தையும் முழுவதும் திரும்பப் பெறலாம். ஆனால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கத் தாலுகா அலுவலகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மையத்தில் யாரும் சொல்லவில்லை. வாரிசுகளில் மைனர் இருந்தாலோ, ஒருவர் தன் பங்கை ஏற்கெனவே வெளியாருக்கு விற்றிருந்தாலோ, கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் தீர விசாரித்துவிடுங்கள்.