சலித்துப்போன துப்பறிவாளர்: கொன்றுவிடுவதா, கட்டி மாரடிப்பதா?

தான் படைத்த துப்பறிவாளரே சலித்துப்போனால் எழுத்தாளர் என்ன செய்வது? ஆர்தர் கோனன் டாயில் செய்தது நேர்வழி. தான் பெரிதாக மதித்த சரித்திர நாவல்களை ஷெர்லாக் ஹோம்ஸ் மறைக்கிறார் என்ற கடுப்பில், 1893-ல் அவரை சுவிட்சர்லாந்தின் ரைஹன்பாக் அருவியோடு முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை, கதை வந்த பத்திரிகையின் சந்தாவை நிறுத்தினார்கள். 1903-ல் ஹோம்ஸ் 'நான் அருவியில் விழவே இல்லை' என்று வந்து நின்றார். நல்லவேளை, உடலைக் காட்டாமல் விட்டிருந்தார் டாயில்!

அகதா கிறிஸ்டிக்கும் தான் படைத்த துப்பறிவாளர் ஹெர்குல் பாய்ரோ மேல் அதே சலிப்பு. 1920-ல் வந்த முதல் நாவலிலேயே அவரை ஓய்வுபெற்ற போலீஸ்காரராக அறிமுகம் செய்துவிட்டார். அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் அவரோடு குடித்தனம். ஆனால் கிறிஸ்டி அவசரப்படவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பாய்ரோவின் சாவை எழுதிப் பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டு, தொடர்ந்து அவரை வைத்தே எழுதினார். அது 1975-ல் வெளிவந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது.

இடைப்பட்ட காலத்துக் கடுப்பு? அதற்கு அரியாட்னி ஆலிவர் என்றொரு எழுத்தாளரைக் கதைக்குள் கொண்டுவந்தார். அந்த அம்மாளின் துப்பறிவாளர் பின்லாந்துக்காரர். பின்லாந்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஏன்தான் இவனைப் படைத்தேனோ என்று அவர் புலம்புவார். ஆங்கிலேயரான கிறிஸ்டி படைத்த பாய்ரோ பெல்ஜியக்காரர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் சிரிப்பை அடக்க முடியாது.

எனக்குக் கிறிஸ்டி வழிதான் பிடிக்கிறது. கொன்ற ஆளை எழுப்புவதற்கு டாயில் சொன்ன காரணம், அருவி விளிம்பில் எதிரியின் பிடியிலிருந்து ஹோம்ஸ் நழுவ உதவிய ஜப்பானிய மல்யுத்த வித்தை. சரி, நம்பிவிட்டோம்.