குறைமாதக் குழந்தைக்கு வீடு தேடி வரும் மிஸி (நர்ஸ்): மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் அனுபவம்

மருமகளுக்கு 34 வாரத்திலேயே வலி வந்து, பேத்தி 1.9 கிலோவில் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மலாய் மொழியில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான், எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது அரசாங்க கிளினிக்கிலிருந்து நாங்கள் குடியிருக்கும் தோட்டத்துக்கே (எஸ்டேட்) வந்த மிஸிதான்.

வந்ததும் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையின் வயிற்றைத் தொட்டார், அப்புறம் பாதத்தை. என் கையையும் பிடித்து அதே இடங்களில் வைத்தார். வயிறு கதகதப்பாக இருந்தது, பாதம் சில்லென்று இருந்தது. "தோலுக்கடியில கொழுப்பே இல்லம்மா, நமக்கு வேர்க்கிற நேரத்துலயும் இதுக்குக் குளிரும்" என்றார். பேம்பர்ஸும் தொப்பியும் மட்டும் போட்டு, மருமகளின் வெறும் மார்பில் குழந்தையைச் சாய்த்து, என் பழைய கைலியால் இறுக்கிக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் பாதம் சூடாகிவிட்டது. 1978இல் கொலம்பியாவில் தொடங்கிய முறையாம், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில். ஒரு நாளைக்கு 8 மணி நேரமாவது இப்படி வைத்திருக்கச் சொன்னார்.

நான் சாம்பிராணிச் சட்டி எடுத்து வைத்திருந்தேன். திட்டவில்லை, இந்த நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று பொறுமையாகச் சொன்னார், நானே கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்துவிட்டேன்.

அழாமல் தூங்குகிறாளே, தங்கமான பிள்ளை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். குறைமாதப் பிள்ளைக்குப் பசித்தாலும் அழத் தெம்பு இருக்காதாம். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும், சப்ப முடியாவிட்டால் பீய்ச்சிச் சின்னக் கப்பில் கொடுக்கலாம். பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உள்ளங்கை பாதம் வரை மஞ்சள் இறங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஒரு ராத்திரி ஃபோன் கடிகாரத்தை வைத்து நானே எண்ணிப் பார்த்தேன், 48. அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

2.5 கிலோவுக்குக் குறைந்தோ 37 வாரத்துக்கு முன்போ பிறந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், வீட்டுக்கு வந்த அன்றே தகவல் கொடுங்கள், யாராவது கிளினிக் போய்ப் பிள்ளையின் மருத்துவப் பதிவுப் புத்தகத்தைக் காட்டினால் போதும். லயத்து வீட்டு (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரி மேப்பில் சரியாக வராது, மிஸி வரும் நேரத்துக்குக் கோவில் முச்சந்தியில் ஒரு ஆளை நிற்க வையுங்கள்.