பயேயாவுக்கு எந்த அரிசி: போம்பாவா, செனியாவா?

பயேயா என்பது ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் பிறந்த அரிசிச் சாப்பாடு. அதில் என்னென்ன போடலாம் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. வலென்சியா மரபு என்றால் கோழி, முயல், பட்டை பீன்ஸ், பெரிய வெள்ளை பீன்ஸ், தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ. இறால் போட்டது தனிக் கட்சி. எனக்குக் குழப்பம் அரிசியில்தான்: போம்பா, செனியா என்ற இரண்டு ரகங்களில் எது?

இரண்டுமே குண்டு அரிசி, வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபெரா ஏரியைச் சுற்றிய வயல்களில் விளைபவை. ருசி என்று பார்த்தால் செனியாவுக்கே ஓட்டு: சட்டியில் கொதிக்கும் சாற்றை நன்றாக இழுத்துக்கொண்டு லேசாகக் குழைவாக வரும். விலையும் குறைவு. போம்பா பயிர் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், விளைச்சலும் கம்மி. அதனால்தான் அந்த விலை.

இருந்தும் நான் போம்பா பக்கம். காரணம் வீட்டு அடுப்பு. பயேயா சட்டி அகலம், ஆழமில்லாதது. அரிசியைப் பரப்பிய பிறகு கரண்டி போடக் கூடாது. சாதாரண கேஸ் அடுப்பில் நடுவில் தளதளவென்று கொதிக்கும், ஓரத்தில் சும்மா முனகும். 17 நிமிடத்தில் நடுச்சோறு பதமாகிவிடும். ஓரத்துப் பருக்கையைக் கடித்தால் உள்ளே வெள்ளைப் புள்ளி. கிளறிச் சரிசெய்ய வழியில்லை, இன்னும் மூன்று நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் செனியா நடுவில் வெடித்துக் குழைந்துவிடுகிறது. போம்பாவில் அமைலோஸ் என்ற, பருக்கையைக் குழையவிடாத மாவுச்சத்து அதிகம். ஊதிப் பருத்தாலும் பருக்கை உடையாது. கடைசியில் தீயைக் கூட்டி அடியில் காந்தல் பிடிக்க வைக்கும்போதும் இதே தெம்புதான் கைகொடுக்கிறது. ஒன்று, தண்ணீர் அதிகம் கேட்கும்: ஒரு கப் அரிசிக்கு மூன்று கப் சாறு. செனியாவுக்கு இரண்டரை போதும்.

ஆரஞ்சு மர விறகில் சமைத்தால் தீ சட்டியின் அடி முழுக்கப் பரவும், அங்கே செனியாவின் தொல்லை குறையலாம். அப்படிச் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, அந்தத் தீயை நான் கட்டி ஆண்டதில்லை. இரண்டையும் ஒட்டிப் பிறந்த அல்புஃபெரா என்ற ரகமும் உண்டு. ருசியில் செனியா, பொறுமையில் போம்பா என்று பட்டது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அதைச் சமைக்கவில்லை.

இரண்டு பேருக்கு, பர்னருக்குள் அடங்கும் சின்னச் சட்டி என்றால் போம்பாவுக்குக் காசு போட வேண்டாம். பல வளையங்கள் உள்ள பயேயா பர்னர் வைத்திருப்பவர்களும் தாராளமாக செனியா வாங்கலாம்.