மாட்டுப் பண்ணைக்கு உழவு மெசின் வாங்க இருப்பவர்கள் வாசியுங்கள்: எனது 8 இலட்சத்து 75 ஆயிரம் போய்விட்டது

8 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. சீட்டு எடுத்த காசு, பால் காசில் மிச்சம் பிடித்தது, தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையை அடகு வைத்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது. அவ்வளவையும் வாங்கி வைத்துக்கொண்டு இன்று காலை அந்த யார்ட்காரன் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டான். கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். ஏ9 வீதியோரம் பழைய ஜப்பான் மெசின்களுக்குப் பெயின்ற் அடித்து வரிசையாக நிறுத்தி, இணையத்தில் விளம்பரம் போட்டு விற்கிற ஒரு இடம். அவ்வளவுதான் சொல்லலாம்.

எங்கள் பண்ணை முத்தையன்கட்டுப் பக்கம். வன்னியில் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காலபோகத்துக்கு வயல் விதைத்தால் பட்டியைக் காட்டுப் பக்கம் சாய்க்க வேண்டும். அரிவி வெட்டு முடிந்த பிறகுதான் வயலுக்குள் விடலாம். ஆடி ஆவணியில் புல்லும் கருகி, குளமும் வற்றிவிடும். அந்த மாதங்களைத் தாண்டுவதற்கு மாசி பங்குனியில் வைக்கல் சேர்த்தே ஆக வேண்டும். வெட்டு மெசின் வயல் முழுக்க வைக்கலைக் கொட்டிவிட்டுப் போகிறது, எத்தனையோ பேர் அதைக் கொளுத்துகிறார்கள். அந்த வைக்கலைக் கட்டாகக் கட்டி எடுக்க ஒரு பேலர், கோ 3 தீவனப் புல்லுக்கும் சோளத்துக்கும் நிலம் பண்படுத்த ஒரு ரொட்டவேற்றர், இரண்டையும் இழுக்கிற ஒரு மெசின். தண்ணீர் பவுசரையும் சாணிப் பெட்டியையும் அதே மெசின் இழுக்கும். 2020 இல் வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய மெசினுக்கும் விலை ஏறி, நாங்கள் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்த விசயம் இது.

விளம்பரத்தில் "மாட்டுப் பண்ணைக்கான முழுச் செற்" என்றே போட்டிருந்தான். போய்ப் பார்த்தோம். என் தம்பியும் வந்தான். யார்ட்காரனிடம் நான் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன்: சதுரக் கட்டுக் கட்டுகிற பேலர் வேணும், ஆறடி ரொட்டவேற்றர் வேணும், எங்கள் மண் காய்ந்தால் கல்லு மாதிரி இறுகும், இந்த மெசின் இழுக்குமோ என்று.

"45 குதிரை வலு அக்கா. ரெண்டையும் கொழுவிக்கொண்டு ஓடும். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

பொனற்றின் இரண்டு பக்கமும் 45 என்று பெரிய ஸ்ரிக்கர். மெசினை ஸ்ராட் பண்ணினான், சத்தம் சுத்தமாக இருந்தது. பேலரை ஓட்டிக் காட்டச் சொன்னேன். யார்ட்டின் பின்பக்கம் வைக்கல் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு பெரிய மெசினில் பேலரைக் கொழுவி, என் கண் முன்னாலேயே கட்டுக் கட்டிக் காட்டினான். கட்டு இறுக்கமாக, முடிச்சு ஒழுங்காக விழுந்தது. "நாங்கள் வாங்கிற மெசினிலை ஏன் கொழுவேல்லை?" என்று தம்பி கேட்டான். "அதின்ரை பி.ரி.ஓ. சாப்ட் மாத்தக் கழட்டிக் கிடக்கு தம்பி. ரெண்டும் ஒரே எஞ்சின், கலர்தான் வேறை" என்றான். பி.ரி.ஓ. என்றால் எஞ்சின் வலுவைப் பின்னுக்குக் கொழுவுகிற பேலர், ரொட்டவேற்றருக்குச் சுழற்றிக் கொடுக்கிற தண்டு.

அதற்குப் பிறகு அவன் செய்ததை நினைத்தால்தான் எனக்கு இப்போது வயிறு பற்றி எரிகிறது. வீட்டுக்குள் போய் அவனே தேசிக்காய் எடுத்து வந்தான். நாலு டயருக்குக் கீழும் வைத்தான். கற்பூரம் கொளுத்தி, மெசினுக்குத் திருநீறு பூசி, என்னைக் கும்பிடச் சொன்னான். "மாட்டோட மாரடிக்கிற ஆக்களை ஏமாத்தினா அந்தப் பாவம் எங்கடை பிள்ளையளைத்தான் பிடிக்கும் அக்கா" என்று சொன்ன வாயால்தான் 8 இலட்சத்து 75 ஆயிரத்தையும் காசாகவே தரச் சொன்னான். பேலருக்கும் ரொட்டவேற்றருக்கும் சேர்த்து அந்தக் காசு. மெசினை லீசிங்கில் ஒழுங்கு பண்ணித் தந்தான். அந்தத் தவணை மாதா மாதம் தனியாக ஓடுகிறது.

செற் லொறியில் வந்து இறங்கியது. முதலில் ரொட்டவேற்றரைக் கொழுவப் பார்த்தோம். ரொட்டவேற்றரைக் கொழுவுகிற இரும்புப் பின் 28 மில்லிமீற்றர், அதைப் பிடிக்கிற மெசினின் கீழ்க் கையில் இருக்கிற ஓட்டை 22 மில்லிமீற்றருக்கானது. அந்தப் பின் ஓட்டைக்குள்ளேயே போகவில்லை. சின்ன மெசினுக்கு ஒரு அளவு, பெரிய மெசினுக்கு ஒரு அளவு என்று உலகம் முழுக்க இருக்கிற வித்தியாசம் அது, அங்கே வேலை செய்கிற பொடியனுக்கும் தெரிந்திருக்கும்.

பேலரை வயலுக்குக் கொண்டுபோனோம். உள்ளே வைக்கலை இடிக்கிற பகுதி ஒவ்வொரு தரம் இடிக்கும்போதும் மெசின் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடியது. கரும்புகை தள்ளி, இரைச்சல் இறங்கி, நின்றுவிட்டது. திரும்பவும் ஸ்ராட் பண்ணினோம், திரும்பவும் நின்றது. பிறகு சியர் போல்ற், அதாவது பாரம் கூடினால் மற்றப் பாகங்கள் உடையாமல் தான் அறுகிற போல்ற், அறுந்தது. புதுப் போல்ற் போட்டால் அதுவும் அறுந்தது. நாங்கள் மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. வயலில் கிடந்த வைக்கல் முழுக்க நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. பூஞ்சணம் பிடித்த வைக்கலை மாடு மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகும், போட்டாலும் வருத்தம்தான் வரும்.

தம்பிக்குச் சந்தேகம் வந்து எஞ்சின் பக்கத்தில் இருந்த தகட்டைச் சுரண்டினான். அதற்கு மேலே புதுப் பெயின்ற் தடிப்பாக அடித்திருந்தார்கள். பிளேட்டால் மெல்ல மெல்லச் சுரண்டச் சுரண்ட எழுத்துத் தெரிந்தது. 17.6 கிலோவாட். கணக்குப் பார்த்தால் 24 குதிரை வலு. பின்னுக்குப் பி.ரி.ஓ.வுக்கு வரும்போது அதிலும் குறையும், 20 அளவில்தான் நிற்கும். சதுரக் கட்டுப் பேலருக்குக் குறைந்தது 35 ஆவது பி.ரி.ஓ.வில் வேணும். ஆறடி ரொட்டவேற்றருக்கு 45 குதிரை வலு மெசின் வேணும். ஒட்டின ஸ்ரிக்கரை உரித்துப் பார்த்தால் கீழே பழைய எழுத்தைத் தேய்த்து அழித்த அடையாளம்.

உடனே அழைத்தேன். "உங்கடை டிரைவருக்கு ஓடத் தெரியாது" என்றான். தகட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "அது ஜப்பான் கணக்கு அக்கா, இலங்கைக் கணக்கு வேறை" என்றான். வைக்கல் ஈரம் என்றான். முதலாளி கொழும்பிலை, நாளைக்கு எடுங்கோ என்றான். நாளைக்கு எடுத்தால் அடுத்த கிழமை. நேரிலே போனேன். கதிரை கூடப் போடாமல், "இதுகள் ஆம்பிளையளோட கதைக்கிற விசயம், அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றான். காசு எண்ணி வாங்கும்போது நான் ஆம்பிளையா என்று அவனுக்குப் பார்க்கத் தேவைப்படவில்லை. அந்த 8 இலட்சத்து 75 ஆயிரமும் என் கையால்தான் போனது. பற்றுச்சீட்டைத் தூக்கிக் காட்டினான், அடியில் பொடி எழுத்தில் "உள்ள நிலையில் விற்கப்பட்டது, மீளப் பெறப்படாது" என்று இருக்கிறதாம்.

விளம்பரம் போட்ட தளத்துக்கு எழுதினேன். விளம்பரம் மட்டும்தான் எங்கள் பொறுப்பு, கொடுக்கல் வாங்கல் உங்களுக்கிடையில் என்று ஒரு வரிப் பதில். விளம்பரம் இன்னமும் நிற்கிறது, அதே 45 ஸ்ரிக்கர் படத்தோடு. பொலிசில் இது காசுப் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கோ என்று திருப்பி அனுப்பினார்கள்.

சட்டத்தரணி சொன்ன ஒரு விசயம் மட்டும் கொஞ்சம் தெம்பு தந்தது. 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எந்தத் தேவைக்கு வாங்குகிறேன் என்று விற்கிறவனுக்குச் சொல்லி, அவன் தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறதாம். நான் எல்லாம் சொல்லித்தானே வாங்கினேன். தம்பியும் சாட்சி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். அவர்களுடைய இலக்கம் 1977.

நிதானமாக எழுதுகிற நிலையில் நான் இல்லை, வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சிலது. ஸ்ரிக்கரை நம்பாதேயுங்கள், எஞ்சின் தகட்டைத் தேடுங்கள், அதற்கு மேல் பெயின்ற் இருந்தால் அவனையே சுரண்டச் சொல்லுங்கள். நீங்கள் வாங்குகிற மெசினிலேயே, நீங்கள் வாங்குகிற பேலரைக் கொழுவி, வயலில் ஓட்டிக் காட்டாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கொழுவுகிற பின்னின் அளவையும் ஓட்டையின் அளவையும் நாடா பிடித்துப் பாருங்கள். என்ன தேவைக்கு, எத்தனை குதிரை வலு என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். காசை வங்கியால் அனுப்புங்கள். மெசின் சின்னனாக இருந்தால் சின்ன உருளைக் கட்டுப் பேலர் இருக்கிறது, அதைப் பாருங்கள், சதுரக் கட்டுக்கு ஆசைப்படுத்துவார்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இதே மாதிரி 45 ஸ்ரிக்கர் ஒட்டின மெசின் வாங்கினவர்கள் இருந்தால் தகட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, பற்றுச்சீட்டின் படத்தோடு உள்பெட்டியில் எழுதுங்கள். ஒரு ஆளாகப் போனால் ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு வா என்கிறான். சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம். எனக்கு என் 8 இலட்சத்து 75 ஆயிரமும் திரும்பி வர வேண்டும்.