நீச்சல் குளம் வேண்டாம்: மூடுவதா, பெயர்ப்பதா, மழைத்தொட்டி ஆக்குவதா?

சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கி, பிள்ளைகள் வெளியூர் போனபின் அதை என்ன செய்வதென்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சும்மா விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் பத்தே நாளில் கொசு பறக்கும், குழந்தைகள் வந்துபோகிற வீட்டில் அந்தக் குளம் உயிருக்கே ஆபத்து.

எல்லோரும் முதலில் யோசிப்பது மண் கொட்டி மூடுவது. 24-க்கு 12 அடி, நாலரை அடி ஆழம் என்றால் கிட்டத்தட்ட 13 யூனிட் மண் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). செலவு குறைவுதான், ஆனால் முதலில் குளத்தின் அடித்தரையில் நாலைந்து இடத்தில் பிரேக்கர் (கான்கிரீட் உடைக்கும் மெஷின்) வைத்துப் பெரிய ஓட்டை போட்டே ஆக வேண்டும். பக்கத்து வீட்டில் இதைச் செய்யாமல், டைல்ஸுக்கு மேலேயே சவுட்டு மண்ணைக் கொட்டினார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் அத்தனையும் சேறாகி, போட்ட நாற்காலியின் கால் அரையடி புதைந்தது, நட்ட கொய்யாவும் வேர் அழுகிப் போனது. சுவரின் மேல் இரண்டடியை இடித்து அந்தக் கல்லையே அடியில் போட்டு, மண்ணை ஒரு அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்து இறுக்கினால் நல்ல தோட்டம் கிடைக்கும். அதன்மேல் அறை மட்டும் கட்டாதீர்கள்.

கட்டத்தான் வேண்டும் என்றால் முழுவதும் பெயர்த்தெடுப்பது ஒன்றே வழி. கம்பி கட்டிய கான்கிரீட், ஜேசிபி உள்ளே வர வழி, இடிபாட்டை ஏற்றிப்போக லாரி என்று செலவு பல மடங்கு. மற்றவர்களுக்கு இது தேவையில்லை.

என் ஓட்டு மழைத்தொட்டிக்குத்தான். அதே குளம் சுமார் 36 ஆயிரம் லிட்டர் பிடிக்கும், அதாவது 12 ஆயிரம் லிட்டர் லாரி மூன்று. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி இருந்தால் வடகிழக்குப் பருவமழை ஒன்றிலேயே நிரம்பிவிடும். விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும், மேலே போடும் ஸ்லாபின் பாரத்தைச் சுவர் தாங்குமா என்று இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஆள் இறங்க ஒரு மூடியும், முதல் மழையை வெளியே விட ஒரு வால்வும் வையுங்கள்.

எதைச் செய்தாலும் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து தள்ளும் ஊற்று தொட்டியையே மேலே தூக்கி விரிசல் விட வைத்துவிடும்.