சோஷியல் மீடியா பேஜை ஏஜென்சிகிட்ட கொடுத்து 3 மாசம் ஆச்சு, என் அனுபவம்

பழைய சாவி கொடுக்குற வாட்ச், சுவர்க்கடிகாரம் ரிப்பேர் பண்றது என் வேலை, அதை வீடியோவா எடுத்து இன்ஸ்டாகிராம்லயும் யூடியூப்லயும் 4 வருஷமா போட்டுட்டு வரேன். வேலை ஜாஸ்தியாகி எடிட் பண்ண, கேப்ஷன் எழுத, கமென்ட்டுக்கு பதில் போட எதுக்குமே நேரம் இல்லாம போச்சு, சரி யாராவது பார்த்துக்கட்டும்னு ஒரு சோஷியல் மீடியா மேனேஜ்மென்ட் ஏஜென்சிகிட்ட பேஜை கொடுத்தேன். பேர் சொல்லப்போறது இல்ல. நான் விசாரிச்ச மத்த ரெண்டு மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட இதே பேக்கேஜ்தான் சொன்னாங்க, அதனால யார்கிட்ட போறவங்களுக்கும் இது உதவும்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன், ஏன்னா அது நிஜமாவே நல்லா இருந்துச்சு. நான் விளக்கை நேரா மேல வச்சு எடுப்பேன், வாட்ச் கண்ணாடில வெளிச்சம் அடிச்சு உள்ள ஒண்ணும் தெரியாது. அவங்க பக்கவாட்டுல வைக்க சொன்னாங்க, சின்னதா ஒரு மைக் வாங்க சொன்னாங்க, இப்போ டிக் டிக் சத்தம் அவ்ளோ தெளிவா கேக்குது. வீடியோ ஆரம்பத்துல 20 செகண்ட் நான் பேசிட்டு இருந்ததை வெட்டிட்டு நேரா பேலன்ஸ் வீல், அதாவது வாட்சுக்குள்ள முன்னும் பின்னும் ஆடற சின்ன சக்கரம், ஆடறதுல இருந்து ஆரம்பிச்சாங்க. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரில, ஒரு போஸ்ட் எத்தனை பேருக்கு போகும்னு முடிவு பண்றதுல எவ்ளோ நேரம் பார்க்குறாங்க, எத்தனை லைக், எத்தனை பேர் அடுத்தவங்களுக்கு அனுப்புறாங்கங்கற மூணும் ரொம்ப முக்கியம்னு சொன்னாரு, அதை எனக்கு புரியுற மாதிரி உக்காந்து விளக்கினாங்க. இந்த பகுதிக்கு முழு மார்க்.

கேப்ஷன்ல தான் முதல் உறுத்தல். ஏதோ ஒரு ஏஐ டூல்ல எழுதி போட்டாங்க, "காலத்தை மீட்டெடுக்கும் ஒரு உணர்வுபூர்வமான பயணம்"னு. நான் வாழ்க்கைல அப்படி பேசினதே இல்ல. "இந்த வாட்ச் ரெண்டு நாளா என்னை தூங்க விடல, கடைசில பார்த்தா காந்தம் ஏறியிருக்கு, ஹேர்ஸ்பிரிங், அந்த முடி மாதிரி சுருள் கம்பி, சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வாட்ச் வேகமா ஓடுது" இதுதான் நான் எழுதுற விதம். ரொம்ப நாளா பார்க்குற ஒருத்தர் "பேஜை யாருக்காவது வித்துட்டீங்களா?"ன்னு மெசேஜ் பண்ணாரு, அன்னைக்கே நான் முழிச்சிருக்கணும்.

அடுத்து வீடியோக்கு ஒரு ஐடியா சொன்னாங்க. நல்லா ஓடிட்டு இருக்கற ஒரு வாட்ச்ல மண்ணும் காபிப் பொடியும் கலந்து பூசி துரு மாதிரி காட்டணுமாம், குப்பைல கிடந்து எடுத்ததா சொல்லணுமாம், அப்புறம் துடைச்சு பளபளன்னு ஆக்கணுமாம். இந்த மாதிரி போலி ரெஸ்டோரேஷன் வீடியோ நிறைய சுத்துறது எனக்கும் தெரியும், வியூஸ் கொட்டும்னும் தெரியும். ஆனா அந்த பொடி ஒரு துகள் உள்ள போனாலும் எண்ணெயோட கலந்து பல்சக்கரத்தை அரிச்சிடும், நல்லா இருக்கற ஒண்ணை கெடுத்துட்டு நான் எப்படி ரிப்பேர்காரன்னு சொல்லிக்கிறது? முடியாதுன்னுட்டேன். அப்போ உங்க சொந்த கஷ்டத்தை கேமரா முன்னாடி சொல்லுங்க, கண்ணு கலங்கினா இன்னும் நல்லா போகும்னாங்க. உண்மையா இருக்கணும்னா எல்லாத்தையும் கொட்டணும்னு இவங்க நினைக்கிறாங்க போல. என் வீட்டு விஷயம் என் வீட்டோட இருக்கும், அதை சொல்லாததால நான் போலி ஆகிட மாட்டேன், சொல்றது பொய்யா இல்லாம இருந்தா போதும்.

நம்பர் கதைக்கு வரேன். ரெண்டாவது மாசம் 6,000 ஃபாலோயர்ஸ் இருந்தது ரெண்டே வாரத்துல 13,000 ஆச்சு. உள்ள போய் பார்த்தா பாதிக்கு மேல போட்டோ இல்ல, ஒரு போஸ்ட் கூட இல்ல. முன்னாடி ஒரு போஸ்ட்டுக்கு 300 லைக் வரும், அதாவது 5 சதவீதம், இப்போ 310 வருது ஆனா 13,000 பேருக்கு கணக்கு போட்டா 2.4 சதவீதம் கூட இல்ல. யாராவது நம்மளோட சேர்ந்து வேலை செய்ய வந்தா முதல்ல பார்க்குறது இந்த கணக்கைத்தான். அந்த போலி ஃபாலோயர்ஸும் நிலைக்க மாட்டாங்க, 2014 டிசம்பர்ல இன்ஸ்டாகிராம் போலி அக்கவுண்டுகளை தூக்கினப்போ ஜஸ்டின் பீபருக்கே கிட்டத்தட்ட 35 லட்சம் ஃபாலோயர்ஸ் குறைஞ்சாங்க. அமெரிக்கால நுகர்வோர் பாதுகாப்பை பார்க்குற அரசு அமைப்பு ஃபெடரல் ட்ரேட் கமிஷன் 2024 அக்டோபர்ல இருந்து, தொழிலுக்காக போலி ஃபாலோயர்ஸ்னு தெரிஞ்சே விக்கிறதையும் வாங்குறதையும் தடை பண்ணியிருக்கு. ஏஜென்சிகிட்ட கேட்டதுக்கு "க்ரோத் பேக்கேஜ்ல அது அடங்கும்"னு சாதாரணமா சொன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்ல.

இதெல்லாம் கூட பொறுத்திருப்பேன், என்னால தாங்க முடியாதது ஒரு கமென்ட். ஒரு பொண்ணு எழுதியிருந்தாங்க, "அப்பா போன மாசம் இறந்துட்டாரு, அவர் தினமும் சாவி கொடுத்த வாட்ச் அன்னைல இருந்து நின்னு கிடக்கு, இதை மறுபடி ஓட வைக்க முடியுமா அண்ணா?"ன்னு. அதுக்கு என் பேர்ல போன பதில், "வாவ், உங்க அன்புக்கு நன்றி"ன்னு மூணு ஹார்ட்டோட. ஆட்டோ ரிப்ளையாம். நான் பார்த்தப்போ 9 நாள் ஆகியிருந்துச்சு. அந்த 9 நாளும் அவங்க என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்கன்னு யோசிச்சு எனக்கு சோறு இறங்கல. உடனே மெசேஜ் பண்ணி மன்னிப்பு கேட்டேன், முதல்ல அவங்க நம்பல, "இது நிஜமா நீங்கதானா?"ன்னு கேட்டாங்க, அப்புறம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினதும் தான் பேசினாங்க. அன்னைக்கே ஏஜென்சியை நிறுத்திட்டேன்.

5க்கு 2 ஸ்டார் தரேன், அந்த ரெண்டும் விளக்குக்கும் எடிட்டிங்குக்கும். நீங்க யார்கிட்டயாவது கொடுக்குறதா இருந்தா எடிட்டிங், போஸ்ட் போடுற நேரம், தம்ப்நெயில் இதை கொடுங்க, கேப்ஷனும் கமென்ட்டும் உங்க கைலயே இருக்கட்டும், ஃபாலோயர்ஸ் எங்கிருந்து வராங்கன்னு முதல் நாளே எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. நிறுத்தும்போது பாஸ்வேர்டை மட்டும் மாத்தினா பத்தாது, செட்டிங்ஸ்ல கனெக்ட் ஆகியிருக்கற வெளி ஆப் எல்லாத்தையும் எடுத்துடுங்க, டூ ஃபாக்டர், அதாவது லாகின் பண்ணும்போது பாஸ்வேர்டுக்கு மேல கேக்குற கோட், உங்க போனுக்குத்தான் வருதான்னு பாருங்க, எனக்கு ஏஜென்சி விட்டு ஒரு வாரம் கழிச்சும் அந்த ஆட்டோ ரிப்ளை ஓடிட்டு இருந்துச்சு. போலி அக்கவுண்டுகளை ஒண்ணொண்ணா ரிமூவ் பண்ணிட்டு இருக்கேன், 9,400க்கு வந்திருக்கு, இன்னும் குறையும்.

அந்த பொண்ணோட அப்பா வாட்ச் இப்போ என் டேபிள்ல தான் இருக்கு. பேலன்ஸ் வீலோட அச்சு உடைஞ்சிருக்கு, அந்த மாடலுக்கு பார்ட் கிடைக்க மாட்டேங்குது, தேடிட்டு இருக்கேன். அவங்க வீடியோ வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால எடுக்கல.