சாரைப்பருப்பு 100 கிராம் பாக்கெட்: ருசிக்குக் குறையில்லை, பொறுக்கியெடுக்கத்தான் வேண்டும்

சாரைப்பருப்பு (இந்தியில் சிரோஞ்சி) ஒரு காட்டு மரப் பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் சின்னப் பருப்பு. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் இது இப்போது ஜிப் கவரில் ஆன்லைனிலும் வருகிறது. நான் வாங்கியது, சத்தீஸ்கர் காட்டுச் சரக்கு என்று போட்டு விற்கும் ஒரு பாக்கெட். விலை முந்திரியைத் தாண்டுகிறது.

காறல் வாடை இல்லை, அதுவே பெரிய விஷயம். பாதிக்கு மேல் எண்ணெயாக இருக்கும் பருப்பு, உடைத்தபின் சீக்கிரம் காறிவிடும். மென்றால் பாதாமும் பிஸ்தாவும் கலந்த ருசி. ஆனால் சூம்பின பருப்பு கொஞ்சம் அதிகம்.

இந்தக் கோளாறு மரத்தடியிலேயே தொடங்குகிறது. சாரை, மா, முந்திரிக் குடும்பத்து மரம். மத்திய இந்தியாவின் வறண்ட காடுகளில் தானாக வளர்வது. ஏப்ரல், மே மாதங்களில் பழம் கருத்துப் பழுக்கும். காட்டு மரம் என்பதால் முந்துகிறவர்களுக்குத்தான் பழம். பலர் பச்சையாகவே கிளையோடு ஒடித்துவிடுகிறார்கள். முற்றாத பருப்பு காய்ந்ததும் சுருங்கும். ஒடித்த கிளையில் அடுத்த வருஷ விளைச்சலும் போச்சு.

அடுத்த குறை, ஓட்டுச் சில்லு. பழத்தை ஊறவைத்து, சதையைத் தேய்த்தெடுத்து, கொட்டையைக் காயவைத்துத் திரிகையில் உடைப்பார்கள். கல் நெருங்கினால் பருப்பு நொறுங்கும், விலகினால் ஓடு உடையாது. தப்பிவரும் சில்லு பல்லைப் பதம் பார்க்கும். வெள்ளைத் தட்டில் பரப்பிப் பொறுக்காமல் பாத்திரத்தில் போடாதீர்கள்.

பால் பாயசத்துக்கு லிட்டருக்கு 2 டேபிள்ஸ்பூன் தாராளம். நெய்யில் சிறு தீயில் வறுத்து, நிறம் மாறத் தொடங்கியதுமே இறக்குங்கள். சின்னப் பருப்பு, சட்டியின் சூட்டிலேயே கருகிவிடும். ரம்ஜானுக்குச் செய்யும் சேமியாப் பால் இனிப்பான ஷீர் குருமாவில் இது இல்லாவிட்டால் எனக்கு ஏதோ குறையும். காரக் குருமாவுக்கு அரைப்பதானால் வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்துவிட்டு கசகசாவோடு அரைக்கலாம். தோலோடு அரைத்தால் வெள்ளைக் குருமா மங்கலாகும்.

கவரில் பேக்கிங் தேதி மட்டும்தான், எந்த வருஷத்து விளைச்சல் என்று இல்லை. ஜூன், ஜூலையில் வாங்கினால் புதுச் சரக்கு கிடைக்க வாய்ப்பு அதிகம். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதே கடையில் 250 கிராம் பாக்கெட் கணக்குப் பார்த்தால் மலிவு. வாரம் ஒருமுறை இனிப்புச் செய்யாத வீட்டுக்கு 100 கிராமே போதும்.